மூடியை மூடியது யார்?

ஸ்லோ குக்கரில், அதாவது மெல்லிய சூட்டில் மணிக்கணக்காகச் சமைக்கிற மின்சாரச் சட்டியில், சொக்லேட் ஃபட்ஜ் என்கிற மெத்தென்ற இனிப்பைச் செய்யும்போது கிண்டுகிற வேலை பத்து வீதம்தான். மீதித் தொண்ணூறு வீதமும் மூடியைக் காவல் காக்கிற வேலை. திறந்து கிடக்கிற சட்டியைக் கண்டும் காணாமல் போகிற ஆள் மலையகத்தில் எந்த வீட்டிலும் கிடையாது.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில், ஹட்டன் பக்கத்தில் ஒரு வீடு. வெளியே விடாத மழை, உள்ளே முறுக்கு வேலை. மேசையில் கனடாச் சித்தி கார்கோவில் அனுப்பிய ஸ்லோ குக்கர், பெட்டி பிரித்த சூட்டோடு உட்கார்ந்திருக்கிறது. மூத்த மகள் ஒரு அடாப்டரைத் தேடிப் பிடித்துச் செருகப் போகிற நேரத்தில், வயரிங் வேலை பார்க்கிற சித்தப்பா வருகிறார். "அடியில எழுதியிருக்கிறத வாசிச்சியா புள்ள?"

120 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. நம்முடைய மின்சாரம் 230. அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. நேரே செருகினால் சூடாக்கும் கம்பி வழக்கத்தைப்போல ஏறத்தாழ நாலு மடங்கு சக்தியை இழுக்கும். 200 வாட் குக்கர் 700 வாட்டுக்கு மேலே போய், ஃபட்ஜ் ஆவதற்கு முன்னால் தானே கருகிப்போகும். 230ஐ 120 ஆக இறக்குகிற ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். 200 வாட் குக்கருக்கு 500 வாட் அளவுள்ளது தாராளம். சித்தப்பாவிடம் ஒன்று இருக்கிறது. அதைக் கொடுத்த உரிமையில் அன்று முழுக்க அடுப்படியைவிட்டு நகரமாட்டார் என்பது வேறு விஷயம்.

சாமான் அதிகமில்லை. டின்பால் (சீனி சேர்த்த கெட்டிப்பால்) ஒன்று, ஏறக்குறைய 400 கிராம். கருப்பு சொக்லேட் 450 கிராம். பட்டர் 30 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா ஒரு தேக்கரண்டி. விருப்பமானால் வறுத்த கஜு 100 கிராம். பால் சொக்லேட்தான் இருக்கிறதென்றால் 600 கிராமாவது வேண்டும். அதில் கொக்கோ குறைவு, பாலும் சீனியும் அதிகம், அதனால் இறுகுவதற்குச் சோம்பல்படும். ஊரைப் பொறுத்தும் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். நுவரெலியாக் குளிரில் 400 கிராம் கருப்பு சொக்லேட்டே பிடித்துக்கொள்ளும், கண்டிச் சூட்டுக்கு 500 போட்டால்தான் விரலில் ஒட்டாது.

கடையில் 'குக்கிங் சொக்லேட்' என்று வாங்குகிற கட்டியின் பின்பக்கத்தை ஒருமுறை வாசியுங்கள். கொக்கோ பட்டருக்குப் பதில் தாவர எண்ணெய்க் கொழுப்பு என்று இருந்தால் அது கொம்பவுண்ட் ரகம். ஃபட்ஜ் வரும், நன்றாக இறுகவும் செய்யும், ஆனால் குளிர் நாளில் வாயில் மெழுகு மாதிரி நிற்கும். கொக்கோ பட்டர் 34 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடுகிற சாமான், வாயில் கரைகிற சுகம் அதனால்தான். காசு கூடினாலும் அதையே வாங்கச் சொல்வேன்.

சொக்லேட்டை நகமளவுத் துண்டுகளாக நறுக்க வேண்டும். நிறுப்பது நறுக்கிய பிறகு. முன்னால் நிறுத்து வைத்த 450 கிராம், பள்ளிக்கூடம் விட்டு வந்த தம்பி பலகையைத் தாண்டிப்போன பிறகு 380 ஆக இருக்கும். அந்தக் கணக்கு தெரியாமல்தான் பல வீடுகளில் "இந்த முறை ஏனோ இறுகவே இல்லை."

குக்கருக்குள்ளே இருக்கிற மட்பாண்டத்தின் உள்பக்கம் பட்டர் தடவி, முதலில் டின்பால், அதற்கு மேல் சொக்லேட். வரிசை முக்கியம். சொக்லேட் அடியில் கிடந்தால் சூடான பாண்டத்தில் நேரே பட்டுத் தீயும். மலையில் டின்பால் குளிரில் கெட்டித்துத் தகரத்தைவிட்டு வர மறுக்கும். வெந்நீரில் பத்து நிமிடம் வைத்தால் தானே வழியும். தகரத்தின் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத் திறக்க வேண்டும். குமிழை 'லோ'வில் வைத்து, மூடி இல்லாமல் விட்டு, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை காய்ந்த மரக்கரண்டியால் ஓரம் வழித்துக் கிண்ட வேண்டும். பல குக்கர்களில் சூடு பக்கவாட்டிலிருந்துதான் வருகிறது, ஆகவே ஓரம்தான் முதலில் பிடிக்கும். இரண்டு லீற்றர் பாண்டம் இந்த அளவுக்குச் சரி. ஆறு லீற்றரில் ஊற்றினால் மெல்லிய படலமாகப் பரவிக் காய்ந்துபோகும்.

முதல் கிண்டு முடிந்து மகள் திரும்புகிறாள். மூடி மூடியிருக்கிறது.

"ஈ விழுந்துடும்னுதான்" என்கிறார் அப்பாயி, முறுக்கைப் பிழிந்தபடி.

ஸ்லோ குக்கரின் சூட்சுமமே மூடிதான். ஆவி கண்ணாடியில் பட்டு நீராகித் திரும்பச் சட்டிக்குள் விழும், இறைச்சி மெத்தென்று வேகும். ஃபட்ஜுக்கு அதே குணம்தான் வினை. தனி சொக்லேட்டாக இருந்தால் அந்த நாலு சொட்டுத் தண்ணீரிலேயே திரண்டு மண்ணாகிவிடும். டின்பாலில் ஏற்கெனவே கால்பங்குக்குச் சற்று மேல் தண்ணீர் இருப்பதால் இங்கே திரளாது, ஆனால் ஃபட்ஜ் தளர்ந்துபோகும். மூடியைச் சாய்க்காமல் நேரே தூக்கிச் சட்டென்று விலக்க வேண்டும். மேலே தேங்கிய நீரைக் கிண்டிக் கலக்காமல் டிஷ்யூ முனையால் ஒற்றி எடுத்தால் போதும்.

இரண்டாவது ஆள் கைமாத்துக்குச் சீனி வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா. "கரண்ட் வீணாப் போவுதே தங்கச்சி" என்று அக்கறையோடு மூடிவிட்டுப் போகிறார். 200 வாட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அக்கா வீட்டுக் கேத்தல் இரண்டு தடவை பிளேன்டிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தால் அதைத் தாண்டிவிடும். சொல்ல முடியுமா?

மூன்றாவது ஆபத்து மாமா. மூடியைத் தொடவில்லை, குமிழைத் திருப்பிவிட்டார். "இப்படி வச்சா எப்ப முடியிறது?" 'ஹை'யில் கால்மணி நேரம் போதும், ஓரத்தில் எண்ணெய் மினுங்கி, நடுவில் சொரசொரப்பாகப் பிரிந்து நிற்கும். கொட்டிவிடாதீர்கள். உடனே நிறுத்தி, பாண்டத்தைத் தூக்கி மடித்த துணியின் மேல் வைத்து (குளிர்ந்த சீமெந்துத் திண்ணையில் வைத்தால் வெடிக்கலாம்), சூடான பாலை ஒரு மேசைக்கரண்டி விட்டு வேகமாக அடிக்க வேண்டும். சேராவிட்டால் இன்னொன்று. பெரும்பாலும் மூன்றுக்குள் பிரிந்த கொழுப்பு திரும்பச் சேர்ந்து பளபளப்பு வரும். குளிர்ந்த பால் ஆகாது, கொழுப்பு இன்னும் உறைந்து போகும்.

இதற்குள் அத்தை ஒரு யோசனையோடு வருகிறார்: இதிலேயே மில்க் டொபியும் கிண்டிவிட்டால் என்ன? நடக்காது. மில்க் டொபிக்குச் சீனிப்பாகு 112 முதல் 116 பாகை வரை ஏற வேண்டும். ஸ்லோ குக்கர் தண்ணீர் கொதிக்கிற சூட்டைத் தாண்டாது, அந்தச் சூடும் மலையில் குறைவு. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொழும்புக் குறிப்பைப் பார்த்து வெப்பமானி பிடித்து மில்க் டொபி செய்கிற நுவரெலியாக்காரர்கள் 6 பாகை குறைத்து இறக்காவிட்டால் பல்தான் உடையும். நம் ஃபட்ஜில் பாகு காய்ச்சுகிற வேலையே இல்லை. சொக்லேட்டின் கொழுப்புதான் உறைந்து பிடித்துக்கொள்கிறது, அதனால் பதுளைக்கும் ஹட்டனுக்கும் ஒரே செய்முறை. "அப்ப இது டொபியே இல்லையே" என்கிறார் அத்தை. உண்மைதான். பதம் பார்த்து இறக்குகிற கைக்கு இதில் மரியாதை கிடையாது.

முக்கால் மணியில், இன்னும் நாலைந்து துண்டு உருகாமல் மிதக்கும்போதே நிறுத்திவிடலாம், பாண்டத்தின் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகிறது. மழைக்காலத்தில் எங்கேயாவது ஒரு மரம் கம்பியில் சாய்ந்திருக்கும். வீடே "ஐயையோ" என்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, தடித்த பாண்டம் அரைமணி நேரமாவது சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். உருகாத துண்டு நிறைய இருந்தால், பாண்டத்தின் வாயில் ஒரு காய்ந்த துவாயை இறுக்கி விரித்து, அதன்மேல் மூடியை வைக்கலாம். சொட்டுகிற நீரைத் துவாய் குடித்துவிடும். இத்தனை நேரமும் ஏச்சு வாங்கிய அப்பாயிதான் அந்த மூடியைக் கொண்டுவந்து வைக்கிறார், நெற்றியில் ஒரு வெற்றிக்களை.

வெனிலாவும் உப்பும் கஜுவும் கடைசியில். சூட்டில் கிடந்தால் வெனிலாவின் வாசம் பறந்துவிடும். கஜு வறுத்து ஆறியிருக்க வேண்டும், பச்சையாகப் போட்டால் நமுத்துப்போகும். பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) போடுகிறவர்கள் கழுவியதை நன்றாக உலர்த்திவிட்டுப் போடட்டும். 20 சென்ரிமீற்றர் சதுரத் தட்டில் ஒயில் பேப்பரை இரண்டு பக்கமும் நீட்டிவிட்டு விரித்து ஊற்றினால், பிறகு காதைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி வெளியே எடுக்கலாம். குளிரில் ஓரம் சீக்கிரம் இறுகும், ஊற்றிய கையோடு சமப்படுத்திவிட வேண்டும்.

ஃபிரிட்ஜில் நாலு மணி நேரம். நுவரெலியாவில் இரவு மேசையிலேயே வைத்தாலும் இறுகும், எறும்புக்கும் தம்பிக்கும் எட்டாத இடமாக இருந்தால். வெந்நீரில் தோய்த்துத் துடைத்த கத்தியால் எட்டுக்கு எட்டாக வெட்டினால் 64 துண்டு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் டப்பாவைத் திறக்கக்கூடாது. மலைக்காற்றின் ஈரம் குளிர்ந்த துண்டில் வேர்த்துப் பிசுபிசுக்கும். மூடியபடியே அரைமணி வெளியே இருக்கட்டும்.

"இதையும் மூடக்கூடாதுன்னு சொல்லிறாத" என்கிறார் சித்தப்பா, டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு.

பாண்டத்தைக் கழுவப் போகிறவர்கள் சூடு ஆறும் முன் பச்சைத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், விரியும். அதற்குப் பதில் 300 மில்லிலீற்றர் சூடான பாலை ஊற்றி வழித்தால் இரண்டு கோப்பை சொக்லேட் பால். பால்மா கரைத்ததும் சரிதான். அதைக் குடிக்கத் தம்பியைக் கூப்பிடத் தேவையில்லை, கரண்டிச் சத்தம் கேட்டாலே வந்து நிற்பான்.