அடித்துணி நாலு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும்

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு விவசாயி வந்தார். வாசலில் டிரக் என்ஜினைக்கூட அவர் நிறுத்தவில்லை. இங்கே நெப்ராஸ்காவில் அக்டோபர் என்றால் சோள அறுவடை, யாருக்கும் நிற்க நேரம் கிடையாது. கையில் ஒரு தலையணை உறை, அதற்குள் மடித்த துணி, குயில்ட் என்கிற ஒட்டுத்துணிப் போர்வையின் மேல்பகுதி. பாட்டி தைத்ததாம், பல வருடமாக அலமாரியில் கிடந்ததாம். மகள் கல்யாணத்துக்குள் முடித்துத் தர முடியுமா என்று கேட்டார்.

கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போய் மேஜையில் விரித்தேன். எல்லாம் அறுகோணத் துண்டுகள். நடுவில் ஒரு மஞ்சள் துண்டு, அதைச் சுற்றி ஆறு, அந்த ஆறைச் சுற்றிப் பன்னிரண்டு. 'பாட்டியின் பூந்தோட்டம்' என்று இந்த ஊர்ப் பெண்கள் சொல்லும் வடிவம், 1930களில் பலரும் ஆசையாகத் தைத்தது. ஒரு துண்டின் ஓரத்தில் வரிசையாக ஊசித் துளைகள் தெரிந்தன. தொட்டதுமே தெரிந்துவிட்டது, தீவன மூட்டைத் துணி. அந்தக் காலத்தில் கோழித் தீவனமும் மாவும் பூப்போட்ட பருத்திப் பைகளில் வந்தன. பையைத் தைத்திருந்த சங்கிலித் தையலைப் பிரித்து, துணியைத் துவைத்து, பிள்ளைகளுக்குச் சட்டையும் கவுனும் தைப்பார்கள். மிஞ்சியது குயில்டுக்குப் போகும்.

"வீட்டில் ஒரு தடவை துவைத்துக் கொண்டுவரட்டுமா?" என்றார். வேண்டவே வேண்டாம் என்று கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். முடிக்காத டாப்பை, அதாவது இந்த மேல்பகுதியைத் துவைத்தால் பின்பக்கம் இருக்கும் தையல் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்துவிடும். எத்தனையோ பேர் நல்லெண்ணத்தில் இப்படித் துவைத்துக் கெடுத்திருக்கிறார்கள். படிப்பவர்கள் யாராவது அலமாரியில் இப்படி ஒன்றைக் கண்டெடுத்தால் தயவுசெய்து தண்ணீரில் போடாதீர்கள்.

என் வேலை என்ன என்று அருப்புக்கோட்டையில் இருக்கும் சித்திக்கு இன்னும் பிடிபடவில்லை. "போர்வை தைக்கிறியாடி?" என்று கேட்பார். ஆமாம் சித்தி, ஆனால் பாதிப் போர்வை. குயில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்த டாப், கீழே அடித்துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு. டாப்பை வேறொருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து தைத்திருப்பார். மூன்று அடுக்கும் விலகாமல் இருக்க முழுப் பரப்பிலும் தையல் ஓட்டுவதுதான் என் பங்கு. முன்பெல்லாம் மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கையால் தைத்தார்கள். வீட்டு மெஷினிலும் தைக்கலாம், ஆனால் ஒரு டபுள் காட் அளவுத் துணியைச் சுருட்டி அந்தச் சின்ன இடுக்கில் திணித்துத் தள்ளுவது தோளை ஒடிக்கும். என்னிடம் இருப்பது லாங்ஆர்ம் என்கிற நீளக்கை மெஷின், அதில் துணி நிற்கும், மெஷின் நகரும். என் சட்டம் 12 அடி நீளம், மெஷினின் கை 26 அங்குலம். பக்கத்து மாநிலமான அயோவாவில், கேரல் என்ற சின்ன ஊரில் செய்தது. ஏழு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன்.

கோலம் போட்டுப் பழகிய கை, அதனால் சுலபமாக வந்திருக்கும் என்று நம் ஊர்த் தோழிகள் சொல்வார்கள். எனக்கு அப்படி வரவில்லை. கோலத்தில் முழு வாசலும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். இங்கே பான்டோகிராஃப் என்று ஒரு நீளக் காகிதத்தில் வரைந்த கோடு, அதை மெஷினுக்குப் பின்பக்க மேஜையில் விரித்திருப்பேன். மெஷினில் இருந்து விழும் சிவப்பு லேசர் புள்ளியை அந்தக் கோட்டின் மேல் ஓட்டிக்கொண்டே பக்கவாட்டில் நடக்க வேண்டும். துணியைப் பார்க்கவே முடியாது. கை வேகமாகப் போனால் ஊசியும் வேகமாக இறங்கும், மெதுவானால் அதுவும் மெதுவாகும், அதனால் தையலின் நீளம் மாறாது. ஒரு வரிசை முடிந்ததும் துணியைச் சுருட்டி அடுத்த வரிசை. கண் காகிதத்தில் இருப்பதால் மற்றதையெல்லாம் காதுதான் கவனிக்கும். கீழ்நூல் இருக்கும் பாபினில் நூல் தீரப்போகும்போது சத்தம் லேசாக மாறும், ஊசி மழுங்கினால் 'டொக் டொக்' என்று கேட்கும்.

கேட்காத ஒன்றும் உண்டு. மூன்று வருடம் முன்னால் ஒரு ஆசிரியை, பேரனுக்காகத் தைத்த டாப்பைக் கொடுத்திருந்தார். அடித்துணி கருநீலம், மேல்நூல் வெள்ளை, பாபினில் கருநீல நூல். மேல்நூலின் டென்ஷன், அதாவது இறுக்கம், தளர்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை. ஐந்து வரிசை ஓட்டிவிட்டுச் சந்தேகமே இல்லாமல் தரையில் படுத்து டார்ச் அடித்தேன். அப்படிப் பார்ப்பது அன்றைக்கு ஏதோ தோன்றிச் செய்ததுதான். மேலே சுத்தமாக இருந்த ஒவ்வொரு வளைவிலும், கீழே வெள்ளை மேல்நூல் பிடிப்பில்லாமல் குட்டிக் குட்டிக் கண்ணிமை மயிர்போல விசிறிக்கொண்டு நின்றது. இங்கே அதற்குப் பெயரே 'இமை மயிர்'தான். ஒரு மணி நேரத்தில் ஓட்டியதைப் பிரிக்க நான்கு இரவுகள் ஆயின. தையல் பிரிக்கும் சீம் ரிப்பரால் மூன்று தையலுக்கு ஒன்றை வெட்டி, பின்பக்க நூலை மெல்ல இழுத்து, பொடி நூல்களை டேப்பில் ஒற்றி எடுக்க வேண்டும். துணியில் ஒரு ஓட்டை விழுந்தால் அது என் துணி அல்ல. அந்த அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், "சொல்லாமலே பிரித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதே" என்றார். அன்றிலிருந்து தன் தோழிகளையெல்லாம் என்னிடம்தான் அனுப்புகிறார்.

இப்போது ஒவ்வொரு பாபின் மாற்றும்போதும் கீழே கையை விட்டு விரல் நுனியால் தடவிப் பார்க்கிறேன். விரலுக்குக் கரகரவென்று மணல் தட்டுப்பட்டால் டென்ஷன் சரியில்லை. பாபின் மாற்றியதும் முதல் தையலைக் குயில்டில் போடுவதும் இல்லை. பக்கத்தில் நீண்டிருக்கும் அடித்துணியில் ஒரு சுழி ஓட்டிப் பார்த்து, இரண்டு பக்கமும் சரியாக இருந்தால்தான் உள்ளே போவேன். பெரிய குயில்ட் என்றால் ஏழெட்டு பாபின் ஆகும், ஏழெட்டுச் சுழி. அடித்துணி நாலு பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். துணியை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்புகளுக்கும் அந்த இடம்தான். கஞ்சத்தனமாக அளந்து வெட்டிக் கொண்டுவந்துவிட்டு, "எப்படியும் வெட்டி எறியத்தானே போகிறீர்கள்?" என்று கேட்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். என் கவனம் முழுக்க அந்த நாலு அங்குலத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயம், ஓரப்பட்டை. டாப்பின் நாலு ஓரத்திலும் வைக்கும் பட்டையை அளக்காமல், நீளமாக வைத்துத் தைத்துக்கொண்டே போய் மிச்சத்தை வெட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். தைக்கத் தைக்க ஓரம் இழுபட்டு நீளும், பட்டை அலை அலையாக வரும். நான் சட்டத்தில் ஏற்றும்போது அந்த அலையை எங்கேயாவது அடக்க வேண்டும், இல்லாவிட்டால் கொசுவம் விழுந்துவிடும். டாப்பின் நடுவில் அளவெடுங்கள், அந்த அளவுக்குப் பட்டையை வெட்டுங்கள், பிறகு ஊசி குத்தித் தையுங்கள். பத்து நிமிட வேலை. இதை வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன், சொல்லிக்கொண்டே இருப்பேன்.

சதுர அங்குலத்துக்கு இரண்டரை சென்ட் வாங்குகிறேன். 60க்கு 72 என்றால் 4,320 சதுர அங்குலம், 108 டாலர். நூலும் பேட்டிங்கும் தனி.

லிங்கன் நகரத்துக் குயில்ட் மியூசியம் எங்கள் ஊரில் இருந்து ஒன்றரை மணி நேரம். 1997-இல் ஆர்டிஸ், ராபர்ட் ஜேம்ஸ் தம்பதி ஏறக்குறைய ஆயிரம் குயில்டுகளை நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள், அதிலிருந்து தொடங்கியது. வருடத்துக்கு ஒரு தடவையாவது போய்விடுவேன். தொட அனுமதி இல்லை, கிட்டே நின்று அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று மனதுக்குள் எண்ணுவேன். நல்ல கைத்தையலில் பத்து வரும். என் மெஷினிலும் அதே பத்தைத்தான் வைத்திருக்கிறேன். பாட்டிமார்கள் விளக்கொளியில் எட்டிய அளவு அது, அதற்குக் குறைய எனக்கு மனசு வரவில்லை.

விவசாயியிடம் அடித்துணி இல்லை. 108 அங்குல அகலத்தில் கடையில் கிடைக்கும், டாப்பைவிட ஒவ்வொரு பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக வாங்கி வாருங்கள் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். வியாழக்கிழமை வாங்கி வந்தார். 108 அங்குலப் பக்கம் போதுமானதாக இருந்தது. மற்றப் பக்கத்தை டாப்பின் அளவுக்கே வெட்டி வாங்கியிருந்தார், ஒரு அங்குலம்கூட மிச்சம் இல்லை. காகிதத்தை டிரக்கிலேயே விட்டுவிட்டாராம். முகம் வாடிவிட்டது. மறுபடி கடைக்குப் போய்வர அவருக்கு ஒரு அரை நாள் அறுவடை போய்விடும். பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

இப்படிப்பட்ட நேரத்துக்கென்று என்னிடம் இரண்டு பட்டைகள் இருக்கின்றன. என் மகள் பிறந்தபோது அம்மா இங்கே வந்திருந்தார், குழந்தைக்கு விரிக்க இரண்டு பழைய நூல் சேலைகளைக் கொண்டுவந்தார். அம்மா ஊரில் உஷா மெஷினில் ரவிக்கை தைத்துத்தான் எங்களை வளர்த்தார், துணி விஷயத்தில் அவர் கை தப்பாது. ஒரு சேலை மகள் புரண்டு புரண்டே நைந்துபோனது. இன்னொன்றை நீளவாக்கில் ஆறங்குலப் பட்டைகளாகக் கிழித்து, இரண்டிரண்டாக வைத்துத் தைத்தேன். அடித்துணி போதாமல் வருகிறவர்களுக்கு அந்தப் பட்டையை இரண்டு பக்கமும் இணைத்துக்கொள்வேன், குயில்ட் முடிந்ததும் பிரித்து எடுத்துவிடுவேன்.

பச்சைச் சேலை அது. இப்போது பச்சை கொஞ்சம்தான் தெரிகிறது. சிவப்பு, வெள்ளை, கருநீலம், சாம்பல் என்று இத்தனை வருடச் சோதனைச் சுழிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றன. நேற்று ராத்திரி அதை அவர் அடித்துணியின் இரண்டு பக்கமும் வைத்துத் தைத்துச் சட்டத்தில் ஏற்றினேன். பழைய துணி தாங்காது என்பதால் நெருக்கமாக ஓட்டப் போவதில்லை. பேட்டிங் மெல்லிய பருத்தி, நூல் இளமஞ்சள். இன்று காலை முதல் பாபினைப் போட்டு, பச்சைப் பட்டையில் இடம் தேடி ஒரு சுழி ஓட்டினேன். கீழே கையை விட்டுத் தடவினேன். மணல் இல்லை.