குட்டிச் சட்டையில் பூவை எங்கே போடுவது?

குழந்தை பிறந்த வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். ஒரு அலங்காரமும் இல்லாத பருத்தி பாடிசூட் (டயப்பருக்குக் கீழே பட்டன் போட்டு மூடும் குட்டிச் சட்டை) ஒரு பாக்கெட் வாங்குங்கள், எம்பிராய்டரி நூல் ஒரு கட்டு வாங்குங்கள், அவ்வளவு போதும். படமும் பெயரும் போட்டு விற்கிற சட்டையில் நாம் கூடுதலாகக் காசு கொடுப்பது உள்ளங்கை அகல இடத்துக்குத்தான். அந்த இடத்தை நாமே நிரப்பிக்கொள்ளலாம்.

நான் தையல் படித்தவள் இல்லை. வீட்டில் மிஷினும் கிடையாது. சாயங்காலம் டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது மடியில் வைத்துக் கையால் தைப்பேன். கூட வேலை பார்ப்பவர்கள், சொந்தக்காரர்கள், மாடி வீட்டுப் பெண் என்று யாருக்குக் குழந்தை பிறந்தாலும் என்னிடமிருந்து ஒரு பொட்டலம் போகும். கொடுத்ததோடு விடமாட்டேன். அடுத்த முறை பார்க்கப் போகும்போது எது குழந்தையின் உடம்பில் இருக்கிறது, எது மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கிறது என்று நைசாகக் கவனிப்பேன். அதிலிருந்து வந்த பிடிவாதங்கள்தான் இங்கே எழுதுவதெல்லாம்.

முதல் பிடிவாதம் அளவில். 'நியூபார்ன்' என்று போட்ட சட்டையை நான் தொடுவதே இல்லை. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை சுமார் 50 செ.மீ. நீளம் இருக்கும், முதல் ஒரு வருடத்தில் இன்னும் 25 செ.மீ. அளவுக்கு வளரும். பிறந்தபோது இருந்த எடை 5 மாதம் வாக்கில் இரண்டு மடங்காகிவிடுகிறது. இந்த வேகத்தில் வளரும் உடம்புக்குப் பிறந்த அளவில் சட்டை தைத்தால் சில வாரங்களில் அது பொம்மைக்குத்தான் ஆகும். போதாக்குறைக்கு அந்த அளவில் எல்லாருமே வாங்கிக் கொடுத்திருப்பார்கள். ஐரோப்பிய அளவு போட்ட துணியில் 56, 62, 68, 74 என்று இருக்கும் எண், குழந்தையின் நீளம் எத்தனை செ.மீ. என்பதுதான். நான் 68 அல்லது 74 பார்த்து எடுப்பேன். சுமாராக நாலாவது மாதத்திலிருந்து ஒன்பதாவது மாதம் வரைக்கும் வரும். பிறந்த மாதத்தோடு ஆறு கூட்டி, அப்போது வெயிலா குளிரா என்று பார்த்துக் கையில்லாததா முழுக்கையா என்று முடிவு செய்துகொள்ளலாம். இதில் எனக்கு இன்னொரு வசதியும் உண்டு. பரிசு தாமதமானாலும் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது!

அப்புறம் தலைப்பில் கேட்ட கேள்வி. எல்லாரும் நெஞ்சு நடுவில்தான் படம் போடுகிறார்கள். பெரியவர்கள் சட்டையில் அங்கேதான் இருக்கிறது, அதனால் இங்கேயும். ஆனால் நாலைந்து மாதக் குழந்தையின் நெஞ்சைப் பாருங்கள். ஒன்று ஜொள்ளு வடிந்து நனைந்திருக்கும், இல்லாவிட்டால் கழுத்தில் கட்டும் ஜொள்ளுத் துணி, அதாவது பிப், மூடியிருக்கும். நாம் கண் வலிக்கத் தைத்த யானை அந்தப் பிப்புக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் இருக்கும். குப்புற விழுந்து பழகும் நாட்களில் தடித்த தையல் நெஞ்சில் அழுத்தவும் செய்யும். அதனால் நான் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பக்கமாகத் தள்ளிப் போடுவேன்.

தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டால் மற்றவர்களுக்குத் தெரிவது முதுகு. அங்கே ஏதாவது இருந்தால் பின்னால் நிற்கிறவர் சிரிப்பார். ஆனால் குழந்தை மல்லாந்துதான் தூங்கும், அப்படித்தான் தூங்க வைக்கவும் சொல்கிறார்கள். ஆகவே முதுகில் ஊசி வேலை வேண்டாம். மெல்லிசாகத் துணிப் பெயின்ட் மட்டும். தவழத் தொடங்கிய பிறகோ உலகம் பார்ப்பது குழந்தையின் பின்பக்கத்தைத்தான். குட்டி பேன்ட்டின் பின்னால் ஒரு முயல் வாலோ நட்சத்திரமோ தைத்துவிட்டால், வீடு முழுக்க அது ஊர்வலம் போகும். உள்ளே டயப்பர் மெத்தையாக இருப்பதால் கொஞ்சம் கனமான வேலை என்றாலும் உறுத்தாது. நான் கொடுத்ததில் அதிகம் உடுத்தப்பட்டவை இந்த வால் வைத்த பேன்ட்டுகள்தான்.

கழுத்துப் பட்டையில் மட்டும் எதுவும் தைக்காதீர்கள். பாடிசூட்டில் தோள் இரண்டிலும் துணி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறதே, அது அழகுக்கு இல்லை. டயப்பர் கசிந்து முதுகு வரைக்கும் ஏறிவிட்டால், சட்டையைத் தலை வழியாகக் கழற்றாமல் தோளிலிருந்து கீழே உருவி எடுக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த இடம் நன்றாக விரிந்து கொடுக்க வேண்டும். எம்பிராய்டரி நூல் விரியாது.

பெயர் விஷயத்தில் எனக்கும் என் நாத்தனாருக்கும் ஒத்துப்போவதில்லை. "பெயர் இல்லாமல் அப்புறம் என்ன அண்ணி ஸ்பெஷல்?" என்பது அவள் கட்சி. பெயர் தைத்த சட்டை அடுத்த குழந்தைக்குப் போகாது என்பது என் கட்சி. குழந்தைத் துணி கிழிவதற்கு முன்பே சின்னதாகிவிடுகிறது. நல்ல நிலையில் இருக்கும் சட்டை தம்பிக்கோ அத்தை பெண்ணுக்கோ போக வேண்டாமா? பெயர் வேண்டுமென்றால் வருடக்கணக்கில் கூடவே இருக்கும் போர்வையில், தலைமூடி வைத்த துண்டில் எழுதலாம். சட்டையில் முதல் எழுத்து போதும்.

எழுத்து என்று வந்தால், தமிழ் எழுத்து ஊசிக்கு ரொம்ப ஒத்துழைக்கும். பென்சிலால் எழுதின கோட்டின்மேல் சங்கிலித் தையல் போட்டுக்கொண்டு போனால், வளைவுகளில் அது தானாகவே திரும்பும். 'ழ'வும் 'இ'யும் தைக்கும்போது எனக்கு நிறுத்தவே மனசு வராது. மெய்யெழுத்து வந்தால் புள்ளிக்கு ஒரு முடிச்சுத் தையல். பெயின்ட் ஒற்றுவதற்கு எழுத்து வடிவில் துளை போட்டு ஸ்டென்சில் வெட்டும்போதுதான் இதே எழுத்து படுத்தும். மூன்று சுழி 'ண'வை வெட்டினால் சுழிக்குள் இருக்கும் குட்டித் துண்டுகள் கழன்று விழுந்துவிடும். ஒன்று அவற்றைத் தனியாக ஒட்ட வேண்டும், இல்லையென்றால் நடுவில் மெல்லிய பாலம் விட்டு வெட்ட வேண்டும்.

பெயரைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தை இருந்தால், அது கிறுக்கின படத்தை வாங்கி அப்படியே தைத்துவிடுவேன். ஆபீசில் ஒரு பெண்ணுக்கு இரண்டாவது பிறந்தபோது, மூத்தவள் வரைந்த தாளைக் கேட்டு வாங்கினேன். ஏழு காலோடு ஏதோ ஒன்று இருந்தது. "பூனையாம் அக்கா. வாலையும் மீசையையும் சேர்த்து எண்ணக் கூடாதாம், அதெல்லாம் கால்தானாம்" என்றாள் அம்மா. சரி, ஏழு காலும் தைத்தேன். தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, மேலே துணியைப் பிடித்தால் வெளிச்சத்தில் கோடு தெரியும், அப்படியே நகலெடுத்துவிடலாம். கோணலை நேராக்கக் கூடாது, அதுதான் முக்கியம். இப்போது வருகிறவர்களிடமெல்லாம் தம்பியின் வயிற்றைக் காட்டி "இது என் பூனை" என்கிறாளாம் அவள். புதுக் குழந்தைக்குக் குவியும் பரிசுகளுக்கு நடுவில் மூத்ததுக்கும் ஒரு பங்கு கிடைத்ததில் அந்த அம்மாவுக்குத்தான் பெரிய நிம்மதி.

இனி கைவேலை. முதலில் துணியைத் துவைத்துக் காயவைத்து விடுங்கள். கடையிலிருந்து வரும் கஞ்சியும் பூச்சும் போகும். சுருங்குவதாக இருந்தால் தைப்பதற்கு முன்பே சுருங்கட்டும். பாடிசூட் பெரும்பாலும் பனியன் துணி, இழுத்தால் நீளும். எம்பிராய்டரி வளையத்தில் மாட்டும்போது முரசு மாதிரி இழுத்து மாட்டினால், தைத்து எடுத்த பிறகு துணி சுருங்கி, வேலை முழுக்கச் சுருக்கமாக நிற்கும். துணி சும்மா படுத்திருக்கும் அளவுக்கு மாட்டி, துணி நீளாமல் தாங்கிப் பிடிக்கப் பின்னால் ஸ்டெபிலைசர் தாள் (தைத்த பிறகு கிழித்தெடுக்கிறதோ தண்ணீரில் கரைகிறதோ) ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி முனை மழுங்கலான பால்பாயின்ட் வகை நல்லது. கூர் ஊசி பனியன் இழையை அறுத்து ஓட்டை விடும். நூல்கட்டு ஒன்று வழக்கமாக 8 மீட்டர், ஆறு இழை. நான் இரண்டு இழையாகப் பிரித்துத் தைப்பதால் 24 மீட்டர் ஆகிவிடுகிறது. குட்டிச் சட்டையில் அவ்வளவு எங்கே செலவாகும்? சிக்கனம் இங்கேதான்.

நூலின் சாயத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும், முக்கியமாகச் சிவப்பு. ஒரு துண்டை ஈரமாக்கி வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்த நூல் வேறு எதற்காவது ஆகட்டும். தண்ணீரில் அழியும் பேனாவால் வரைந்திருந்தால் முழுக்க அலசிய பிறகுதான் இஸ்திரி. அழியாத கோட்டின்மேல் சூடு பட்டால் மை அங்கேயே பதிந்துவிடும்.

முன்பக்கத்தைவிட உள்பக்கத்துக்கு நான் அதிக நேரம் செலவழிப்பேன். ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு நூலை உள்ளே இழுத்துக்கொண்டு போவது பெரியவர்கள் துணியில் பரவாயில்லை. குழந்தைத் துணியில் அப்படி நூல் வளையம் தொங்கக் கூடாது. தளர்ந்த நூலோ தலைமுடியோ குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டு இறுகினால் ரத்த ஓட்டமே தடைப்படும். மருத்துவர்கள் நிஜமாகவே பார்க்கிற அவசர நிலை இது. கால் விரல்களில்தான் அதிகம் வருகிறது. காலுறைக்குள் நடப்பது வெளியே தெரியாது, குழந்தை ஏன் அழுகிறது என்றும் புரியாது. அதனாலேயே காலுறையிலும் கையுறையிலும் நான் ஊசி வைப்பதில்லை. சட்டையிலும் ஒவ்வொரு எழுத்துக்கும் நூலைத் தனியாக முடித்து, வாலை ஒட்ட வெட்டி, கடைசியில் பின்பக்கம் முழுக்க இஸ்திரியில் ஒட்டும் மெல்லிய, மிருதுவான ஃபியூசிங் துணி ஒன்றைப் போட்டு மூடிவிடுவேன். தோலில் உரசாது, விரலும் மாட்டாது.

பட்டன், மணி, ஜிகினா எதுவும் கிடையாது. கண்ணாக ஒரு கருப்புப் பட்டன் வைத்தால் கரடி உயிரோடு வந்துவிடும், தெரியும். ஆனால் அது ஒரு நாள் வாய்க்குள் போகும். மூன்று வயதுக்குள்ளான குழந்தைகளின் பொருட்களைச் சோதிக்க அமெரிக்காவில் ஒரு உருளை வைத்திருக்கிறார்கள். குறுக்கே 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக் கூடியது என்று கணக்கு. சட்டைப் பட்டன் அதில் எந்த மூலைக்கு? கண்ணையும் நூலாலேயே தைத்துவிடலாம். தொப்பியிலும் கழுத்திலும் கட்டுக்கயிறு வைக்காதீர்கள், ஐரோப்பியத் தரவிதியிலேயே சின்னக் குழந்தைகளுக்கு அது கூடாது.

ஊசி பிடிக்காதவர்களுக்குத் துணிப் பெயின்ட் இருக்கிறது. பழைய பிளாஸ்டிக் ஃபைலில் படத்தை வெட்டி, சட்டைக்குள் ஒரு அட்டையைச் சொருகிக்கொண்டு (இல்லாவிட்டால் பெயின்ட் முதுகுப் பக்கமும் இறங்கும்), ஸ்பாஞ்சில் பெயின்ட் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத் தொட்டு ஒற்ற வேண்டும். இரண்டு மெல்லிய பூச்சு, ஒரு தடித்த பூச்சைவிட மேல். நன்றாகக் காய்ந்த பிறகு டப்பாவில் சொல்லியிருக்கிறபடி இஸ்திரிச் சூடு கொடுத்தால்தான் துவைக்கும்போது நிற்கும். பிரின்டரில் எடுத்து ஒட்டுகிற தாளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நெஞ்சில் பிளாஸ்டிக் பிளாஸ்திரி போட்டது போலக் காற்றுப் போகாமல் இருக்கும், கொஞ்ச நாளில் வெடிக்கும்.

இருப்பதிலேயே செலவில்லாத வழி, முதல் குழந்தை போட்ட துணி. கறைதான் பிரச்சினை என்றால் கறைமேல் ஒரு ஒட்டு. அப்பாவின் பழைய டி‑ஷர்ட்டில் மேகமோ மீனோ வெட்டிக்கொள்ளுங்கள். பனியன் துணி என்பதால் ஓரம் நூல் பிரியாது, மடித்துத் தைக்கத் தேவையில்லை. இரு பக்கமும் ஒட்டும் ஃபியூசிங் வைத்து இஸ்திரி போட்டு, சுற்றி ஓட்டுத் தையல் போட்டால் முடிந்தது. எழுத்தாக இருந்தால் ஃபியூசிங் தாளில் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி வரைய வேண்டும். பழைய துணி பலமுறை துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும் என்பது உபரி லாபம்.

பொட்டலத்துக்குள் ஒரு சின்னச் சீட்டு வைப்பேன். உட்புறம் வெளியே திருப்பித் துவைக்கவும், வாஷிங் மிஷினில் போடலாம், பிளீச் வேண்டாம், படத்தின்மேல் நேராக இஸ்திரி போட வேண்டாம். கையால் தைத்தது என்றாலே அம்மாக்கள் பயந்து விசேஷத்துக்கென்று எடுத்து வைத்துவிடுகிறார்கள். அதனால் கடைசி வரியில் "தினமும் போடவும், கிழிந்தால் இன்னொன்று தருகிறேன்" என்று கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். இதுவரை ஒருவர்தான் அதை நம்பி இன்னொன்று கேட்டிருக்கிறார். அவருக்கான வால் வைத்த பேன்ட் இப்போது வளையத்தில் இருக்கிறது.