ஓடை இருக்கிறது, தேரை இல்லை: எல் வாயே நாட்குறிப்பு

ஆகஸ்ட் 11

பனாமா நகரிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். அணைந்த எரிமலையின் வாய்க்குள் குடியிருக்கும் ஊர் எல் வாயே. வந்து இறங்கியதிலிருந்து மழை. எங்கு திரும்பினாலும் தங்கத் தவளைதான்: சட்டையில், சாவிக்கொத்தில், சந்தையில் விற்கும் மண் பொம்மையில், லாட்டரிச் சீட்டில்கூட. பெயர்தான் தவளை, உண்மையில் தேரை. ஹார்லெக்வின் தேரைகள் என்னும் பெருங்கூட்டத்தில் ஓர் இனம், அட்டெலோபஸ் ஜெட்டெக்கி. மத்திய பனாமாவின் மலை ஓடைகளை விட்டால் உலகில் இதற்கு வேறு ஊர் கிடையாது. இறந்த பின் பொன்னாக மாறிவிடும் என்பது இங்குள்ள பழைய நம்பிக்கை.

ஆகஸ்ட் 12

காலணியின் அடியைக் கிருமிநாசினியில் தோய்த்துவிட்டு ஓடையில் இறங்கினோம். இந்தப் பகுதியில் ‘ஆயிரம் தவளை ஓடை’ என்றே ஓர் ஓடைக்குப் பெயர் இருந்தது. அவ்வளவு தேரைகள் கரையோரம் வெயில் காய்ந்திருக்கின்றன. இன்று கல் கல்லாகக் குனிந்து பார்த்தேன். பாசி, நண்டு, நீர். மஞ்சள் மட்டும் இல்லை.

கொன்றது ஒரு பூஞ்சை. 2004இல் மேற்கே எல் கோப்பே காட்டை அடைந்தது. 2006இல் இங்கே வந்துவிட்டது. தேரை தண்ணீர் குடிப்பதும் உப்பை உறிஞ்சுவதும் தோல் வழியாகத்தான். பூஞ்சை பிடித்தால் அந்தத் தோல் தடித்துப்போகிறது. இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து இதயம் நின்றுவிடுகிறது. காட்டில் இந்த இனம் அற்றுப்போயிருக்கும் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. மரம் வெட்டப்படவில்லை, ஓடை வற்றவில்லை. வீடு அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 13

நாள் முழுக்க மழை. எங்கும் போகவில்லை.

ஆகஸ்ட் 14

பனாமாவில் இன்று தங்கத் தவளை நாள். காப்பகத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். பூஞ்சை வருவதற்குள் காட்டிலிருந்து எடுத்துவந்து காப்பாற்றியவற்றின் வழித்தோன்றல்கள் கண்ணாடித் தொட்டிகளில் இருக்கின்றன. கல்லுக்குள் தேரைக்கும் படியளப்பவன் என்று பாட்டி சொல்வாள். இங்கே கண்ணாடிக்குள் தேரைக்கு ஓர் இளம்பெண் பழ ஈக்களை அளந்து போடுகிறாள்.

முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்தேன். கட்டைவிரல் நீளம், மஞ்சள் முதுகில் மை தெறித்தாற்போல் கரும்புள்ளிகள். இதற்குச் செவிப்பறை கிடையாது. அருவி இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் கையசைத்துப் பேசப் பழகியது என்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆண் முன்னங்காலை மெல்லத் தூக்கி, காற்றில் ஒரு வட்டம் போட்டு, பாசியின் மேல் இறக்கியது. பக்கத்தில் நின்ற சிறுமியும் கையை அசைத்தாள். அது மறுபடி தூக்கியது.