ஜெபக்குறிப்பில் மனச்சோர்வு

மதுரையில் எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனையில் சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் பெயரோடு ஜெபக்குறிப்பில் வரும். மனநோய் மட்டும் 'ஒரு சகோதரியின் விசேஷ தேவைக்காக' என்று மறைந்தே வரும். அண்மையில் ஓர் அக்கா, "எனக்கு மனச்சோர்வு, மாத்திரை சாப்பிடுகிறேன், ஜெபியுங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். சீட்டை வாங்கிய மூப்பர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஆயரை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் விடாமல் வாசித்தார். ஆராதனை முடிந்ததும் இருவர் அக்காவிடம் தங்கள் வீட்டு நிலையைப் பேசினார்கள். ஒரு பெரியவர் மட்டும், "விசுவாசம் குறைந்தால் இப்படித்தான்" என்றார்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. வேதாகமத்தில், சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவை வேண்டிய எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தட்டியெழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் உறங்கவிட்டான். (இந்தப் பகுதியைப் பிரசங்கத்தில் கேட்பது அபூர்வம்.)

ஜெபிப்பது வேறு, மருந்தை நிறுத்தச் சொல்வது வேறு. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தரவே சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் பதற்றமும் வரலாம், நோயும் திரும்பலாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லும்போது, சபையார் அவரைப் பாவி என்று ஒதுக்குவது எப்படித் தகும்? அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது; 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கும்படி ஆயரிடம் கேட்டிருக்கிறேன்.