ஏரிக்கரைக் காட்சி

அக்டோபர் 10

விழா அட்டவணை வந்துவிட்டது. சனிக்கிழமை முழுக்கப் பழைய திகில் படங்கள், காலையிலிருந்து நள்ளிரவு வரை. போகிறேன். வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அக்டோபர் 11

அக்கா பேசினாள். “ஒன்றும் இல்லை, நீ தூங்கு” என்றாள்.

அக்டோபர் 12, காலை

முதலில் ‘நோஸ்பெராட்டு’, 1922இல் முர்னாவ் எடுத்த மௌனப்படம். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் பியானோ வாசித்தார். ‘டிராகுலா’ நாவலின் உரிமையை வாங்காமல் எடுத்துவிட்டார்கள் என்று பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட, பிரதிகளை எல்லாம் அழிக்கச் சொல்லிவிட்டது நீதிமன்றம். தப்பிய பிரதிகளால்தான் இன்று நமக்குப் பார்க்கக் கிடைக்கிறது. படிக்கட்டில் நிழல் மட்டும் ஏறிப்போகும்போது பியானோ நின்றுவிட்டது. எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

மதியம்

‘ஃபிராங்கன்ஸ்டைன்’, 1931. ஜேம்ஸ் வேல் படம். ஏரிக்கரைக் காட்சிக்காகவே காத்திருந்தேன். பூக்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதா என்று பார்ப்பது அந்தச் சின்னப் பெண்ணின் விளையாட்டு. பிணங்களைத் தைத்து ஒரு விஞ்ஞானி உருவாக்கிய பிராணியாக வரும் போரிஸ் கார்லோஃப் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வருகிறது. கையிலிருந்த பூக்கள் தீர்ந்துபோகின்றன. அப்புறம் அவளையே தூக்கித் தண்ணீரில் போடுகிறான், பூவைப் போல மிதப்பாள் என்று நம்பி. அவள் மூழ்கியதும் அவன் தவிக்கும் தவிப்பைப் பார்க்க முடியவில்லை.

குழந்தை சாவதைக் காட்டக் கூடாது என்று இதைப் பல இடங்களில் வெட்டிவிட்டார்கள். எண்பதுகளில்தான் மறுபடி சேர்த்தார்கள். அதுவரை பார்த்தவர்களுக்குக் கிடைத்தது, அவன் அவளை நோக்கிக் கை நீட்டுவது மட்டும். அடுத்து, செத்துப்போன மகளைத் தூக்கிக்கொண்டு அப்பா தெருவில் நடந்து வருகிறார். நடுவில் என்ன நடந்திருக்கும்? நடந்ததைவிடப் பல மடங்கு கோரமானதைத்தான் மனம் நினைத்திருக்கும். ஒரு அறியாமையை எடுத்துவிட்டு அங்கே வக்கிரத்தை வைத்துவிட்டது அந்தக் கத்தரி. பாவம், அந்தப் பிராணியை அத்தனை வருஷம் தப்பாக நினைக்க வைத்துவிட்டார்கள்.

பிஞ்சு மனம் தாங்காது என்று நினைத்து வெட்டுகிறவர்கள், மிச்சத்தை நாமே கற்பனை செய்துகொள்வோம் என்பதை நினைப்பதே இல்லை.

மாலை

‘கேட் பீப்பிள்’, 1942. செலவு குறைந்த படம் என்பதால் சிறுத்தையைப் பெரும்பாலும் நிழலாகவே வைத்திருக்கிறார்கள். ராத்திரித் தெருவில் ஒருத்தி நடக்கிறாள், பின்னால் வந்த காலடிச் சத்தம் நின்றுவிடுகிறது, உறுமல் போல ஒன்று பாய்கிறது. பஸ்! அரங்கமே துள்ளி எழுந்து, அப்புறம் சிரித்தது. இந்த மாதிரி மறைப்பது எனக்குப் பிடிக்கும். பஸ் வந்து நிற்கிறது, பயம் தீர்கிறது. தீராத மறைப்பு வேறு.

இடைவேளையில் அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

நள்ளிரவு

‘சைக்கோ’வுக்கு உட்காரவில்லை.

அக்டோபர் 13

எழுந்ததும் அந்த ஏரிதான். நீட்டிய கை.

ரிப்போர்ட்டை அப்படியே படம் பிடித்து அனுப்பு என்று அக்காவிடம் கேட்டேன். “அப்புறம் பேசலாம்” என்கிறாள். கோபமாகக் கத்திவிட்டேன். எதுவாக இருந்தாலும் சரி, முழுசாகச் சொல் என்றேன். அந்தப் பக்கம் அழுகிறாளா என்று தெரியவில்லை.

அக்டோபர் 14

அக்கா கிளம்பி வருகிறாளாம், நேரில் சொல்கிறாளாம். ரிப்போர்ட்டையும் எடுத்து வா என்றேன். சரி என்றாள். ரயில் விடியற்காலை ஐந்து மணிக்கு.