வாயைக் கட்டுவதற்கு முன்னால் மூக்கு

முதல் பீரியட் பத்தாம் வகுப்பு. வருகைப் பதிவேட்டைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிட்டேன். சத்தம் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. முன் பெஞ்சுப் பிள்ளை எழுந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டியது. மதுரையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு வருடமாகத் தமிழ் நடத்துகிறேன். தொண்டைதான் என் தொழில். அது கட்டிப்போனதற்குக் காரணம், தூக்கத்தில் மூச்சு அடைக்காமலிருக்கப் பன்னிரண்டு நாள் முன்னால் நான் மூக்கில் மாட்டத் தொடங்கிய, காற்றைத் தள்ளும் சிபேப் இயந்திரம்.

குறட்டை ஆம்பளைகள் சமாச்சாரம் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நினைப்பு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் தூக்கத்தில் மூச்சடைப்பு கூடும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. மகள் ஒரு ராத்திரி என்னைச் செல்போனில் படம் பிடித்து, காலையில் போட்டுக் காட்டினாள். குறட்டை, அப்புறம் அமைதி, அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வருகிறவள் மாதிரி ஒரு பெருமூச்சு. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 38 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போகிறது என்று வந்தது. ஐந்துக்குள் இருக்க வேண்டும். முப்பதைத் தாண்டினாலே தீவிரம். 2023 ஆடி மாதம், மாஸ்க்கோடு சேர்த்து 62,000 ரூபாய் கொடுத்து இயந்திரம் வாங்கினோம்.

தொடக்கத்தில் கொடுத்தது மூக்கை மட்டும் மூடும் மாஸ்க். நாலாவது நாளே வாய் வறட்சி ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வரும்போது நாக்கு மேலண்ணத்தில் பசை போட்டு ஒட்டினது போலிருக்கும். "குக்கர்ல விசில் வர்றதுக்கு முந்தி புஸ்ஸுன்னு வருமே, அந்தச் சத்தம் உன் வாயிலருந்து வருது" என்றார் என் வீட்டுக்காரர். பக்கத்து அறையிலிருந்து மகள் தூக்கக் கலக்கத்தில் "அம்மா, வாயை மூடும்மா" என்று கத்துவாள். அந்த வசனத்தை நான் எத்தனை ஆயிரம் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது.

நடந்தது இதுதான். இயந்திரம் அழுத்தத்தோடு காற்றை மூக்குக்குள் தள்ளுகிறது. அந்தக் காற்று தொண்டைக்குள் இறங்கி, தளர்ந்து விழும் சதையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். வாய் திறந்திருந்தால் அதற்குக் குறுக்கு வழி கிடைத்துவிடுகிறது. மூக்கில் நுழைந்து வாயில் வெளியேறிவிடும். தொண்டைக்குப் போய்ச் சேர வேண்டிய அழுத்தம் போய்ச் சேராது. மூச்சடைப்பு திரும்ப வரும். என்னுடையது அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கிற இயந்திரம், சென்டிமீட்டர் நீர் அழுத்தக் கணக்கில் 6 முதல் 15 வரை. மூச்சடைப்பு வரவர அது அழுத்தத்தைக் கூட்டும். அழுத்தம் கூடக்கூட வாய் இன்னும் பிளக்கும். விடியும்போது நானும் அதுவும் மல்லுக்கட்டி ஓய்ந்திருப்போம்.

காலையில் திரையில் ஒரு மூஞ்சி வரும். மாஸ்க் சரியாகப் பொருந்தியிருந்தால் சிரிக்கும், கசிந்திருந்தால் சிரிக்காது. எனக்கு அது சிரித்ததே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் கசிவு நிமிடத்துக்கு 46 லிட்டர். என் இயந்திரம் ரெஸ்மெட் வகை. அதில் 24ஐத் தாண்டினால் அதிகம் என்று கணக்கு. வேறு கம்பெனிக்காரர்கள், மாஸ்க்கின் ஓட்டைகள் வழியாக இயல்பாக வெளியேறும் காற்றையும் சேர்த்துக் காட்டுவதுண்டு. அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம்.

மாஸ்க் விற்றவரிடம் போன் போட்டேன். "சின் ஸ்ட்ராப் போட்டுக்கோங்க மேடம், சரியாயிடும்" என்றார். தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் ஒட்டுகிற பட்டை அது. அன்றைக்கு ராத்திரி அதைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன், என் மாமியார் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் விளக்கைப் போட்டார். போட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏத்தா, என்ன இது நாடிக்கட்டு கட்டுன மாதிரி? அவுத்துப் போடு மொதல்ல."

எங்கள் பக்கத்தில் உயிர் போனவர்களுக்குத்தான் தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டுவார்கள். மூக்கில் குழாயும் தாடையில் கட்டுமாக மருமகளைப் பார்த்த அந்த எண்பது வயது மனுஷிக்கு எப்படி இருந்திருக்கும்! அத்தை அன்றைக்கு மறுபடி தூங்கவில்லை. நானும்தான். ஆனாலும் ஒரு வாரம் அத்தைக்குத் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிப் பார்த்தேன். தாடை மூடியிருந்தது, உதடு மூடவில்லை. கன்னம் பலூன் மாதிரி உப்பி, உதட்டின் நடுவில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. பட்டையை இறுக்கினால் தாடை பின்னால் போகிறது. தாடை பின்னால் போனால் நாக்கும் கூடவே போய்த் தொண்டையை அடைக்கும். எதற்கு மருந்து எடுக்கிறோமோ அதையே கூட்டிவிடுகிற கட்டு. சிலருக்கு இது நன்றாகவே ஒத்துவருகிறது என்கிறார்கள். எனக்கு மிஞ்சியது காதோரத் தலைவலி.

அடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழு மாஸ்க், இன்னொரு ஏழாயிரம். வாய் திறந்தாலும் காற்று மாஸ்க்குக்குள்ளேயே இருக்கும் என்பது கணக்கு. கணக்கு சரிதான், என் முகம்தான் அதற்கு ஒத்துழைக்கவில்லை. வாய் திறக்கும்போதெல்லாம் தாடை இறங்கி, மாஸ்க்கின் அடிப்பகுதி விலகும். காற்று மேலே ஏறிக் கண்ணுக்குள் அடிக்கும். இறுக்கினால் மூக்குத்தண்டில் சிவப்புத் தழும்பு. கசிவு 46லிருந்து 30க்கு வந்தது. வாய் வறட்சி அப்படியேதான் இருந்தது, ஏனென்றால் மாஸ்க்குக்குள்ளே நான் வாயால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

மகள் வாய்க்கு ஒட்டுகிற டேப் வாங்கி வந்தாள். இணையத்தில் எல்லாரும் ஒட்டிக்கொள்கிறார்களாம். இதில் மட்டும் நான் அசைந்து கொடுக்கவில்லை. எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. இயந்திரம் நின்றுபோய், மூக்கு அடைத்து, வாயும் ஒட்டியிருந்தால்? முழு மாஸ்க்கில் அதற்கென்றே ஒரு வால்வு உண்டு, காற்று வருவது நின்றால் தானாகத் திறந்து வெளிக்காற்றை விடும். டேப்புக்கு ஏது வால்வு? வாந்தி வந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்தேன். டாக்டரைக் கேட்காமல் ஒட்ட மாட்டேன் என்று சொல்லி, மறுநாள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். இரண்டு மாதம் முன்பே போயிருக்க வேண்டியது.

அவர் கேட்ட முதல் கேள்விக்கே நான் தடுமாறினேன். "பகல்ல நீங்க மூக்கால மூச்சு விடுறீங்களா?"

யோசித்துப் பார்த்தால், இல்லை. சாக்பீஸ் தூசி, வருடக்கணக்கான தும்மல். படுக்கும் முன் மூக்கடைப்புக்கு இரண்டு சொட்டு மருந்து விட்டுக்கொள்வது பல வருடப் பழக்கம். டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். நடுத்தண்டு இடப்பக்கம் வளைந்திருக்கிறது, இரண்டு பக்கச் சதையும் வீங்கியிருக்கிறது. அந்தச் சொட்டு மருந்தைத் தொடங்கின ஒரு வாரத்துக்குள் நிறுத்திவிட வேண்டுமாம். தொடர்ந்து விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். மூக்கு அடைத்தவள் வாயைத் திறக்காமல் என்ன செய்வாள்? நான் இரண்டு மாதமாக வாசலுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன், உள்ளே புகை மண்டிக் கிடந்ததைப் பார்க்காமல்.

சொட்டு மருந்தை நிறுத்திய முதல் ஐந்து நாள் நரகம். அதற்குப் பதிலாக அவர் எழுதித் தந்தது ஒரு ஸ்டீராய்டு ஸ்பிரே. கூடவே உப்புநீரால் மூக்கைக் கழுவச் சொன்னார். பொடி மருந்துக்கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறது. தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. ஸ்பிரே அடிக்கவும் ஒரு முறை இருக்கிறது. தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு, நுனி நடுத்தண்டைப் பார்க்காமல் காதுப் பக்கம் பார்க்க வேண்டும். நான் அதுவரை நேராக நடுத்தண்டில் அடித்து ரத்தம் வரவழைத்துக்கொண்டவள். பத்துப் பன்னிரண்டு நாளில் வித்தியாசம் தெரிந்தது.

இரண்டாவது தப்பு ஈரப்பதத்தில். இயந்திரத்தில் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கும் தொட்டி ஒன்று உண்டு. ஈரக்காற்று உள்ளே போனால் சளி பிடிக்கும் என்று நானாக முடிவு கட்டி, அதை 2ல் வைத்திருந்தேன். விஷயம் நேர்மாறு. காற்று மூக்கில் நுழைந்து வாயில் வெளியேறும்போது, மூக்கின் ஈரத்தையெல்லாம் ஒரே திசையில் வாரிக்கொண்டு போகிறது. சாதாரண மூச்சில், வெளியே வரும் காற்று கொஞ்சம் ஈரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். இங்கே திருப்பிக் கொடுப்பதே கிடையாது. காய்ந்த மூக்கு வீங்கும், வீங்கிய மூக்கு அடைக்கும், அடைத்தால் வாய் இன்னும் திறக்கும். 5க்கு ஏற்றினேன். மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் தேங்கி, நடுராத்திரி மூக்கில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஏசி 22ல் ஓடினால் குளிர்ந்த குழாயில் ஆவி நீராகத்தானே மாறும்? ஏசியை 26 ஆக்கி, குழாய்க்குப் பழைய பருத்திச் சேலையில் உறை தைத்துப் போட்டேன். இயந்திரத்தைக் கட்டிலை விடத் தாழ்வான ஸ்டூலுக்கு மாற்றினேன். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

மூக்கு திறந்த பிறகு பழைய மூக்கு மாஸ்க்குக்கே திரும்பினேன். இந்தச் சிகிச்சையே மூக்குக்காகப் பிறந்ததுதான். 1981ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவர் கூட்டாளிகளும் இதை முதன்முதலில் எழுதியபோதும் காற்றை மூக்கு வழியாகத்தான் செலுத்தினார்கள். கசிவு 27க்கு இறங்கியது. பாக்கியை இறக்கியது, சிரிக்காதீர்கள், மெல்லின எழுத்து.

தமிழ் டீச்சர் மூளை அப்படித்தான் ஓடும். மெல்லினத்துக்கு மூக்கு என்று பிள்ளைகளுக்கு ஒப்பிக்கச் சொல்லித் தருகிறோமே, அதில் ஒரு எழுத்தைச் சொல்லிப் பாருங்கள். வாயை நன்றாகத் திறந்துகொண்டு "ங்ங்ங்" என்று இழுங்கள். வாய் திறந்தேயிருக்கிறது, ஆனால் காற்று மூக்கில் மட்டும் போகிறது. நாக்கின் அடிப்பகுதி உயர்ந்து, உள்நாக்குப் பக்கத்து மென்மையான அண்ணத்தோடு சேர்ந்து பின்கதவைச் சாத்திவிட்டது. இப்போது "ஆ" என்று மாற்றுங்கள். கதவு திறந்து காற்று வாயில் கொட்டும். வாய்க்கசிவு என்பது உதட்டுச் சமாச்சாரம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். உண்மையான அடைப்பு பின்னால் இருக்கிறது.

அதனால் சாயங்காலம் காப்பி குடித்த பிறகு, இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் இருபது நிமிடம் உட்கார்ந்தேன். நாக்கு நுனி "ன்" சொல்லும் இடத்தில், அடிநாக்கு "ங்" சொல்லும் இடத்தில். முதல் நாள் இரண்டு நிமிடத்துக்கொரு தரம் கதவு திறந்துகொண்டு, கன்னம் உப்பி, உதடு படபடத்தது. அத்தை சீரியலை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் நாக்கு சொல்லாமலே அங்கே போய் உட்கார ஆரம்பித்தது. தூக்கத்தில் நாக்குக்குக் கட்டளை போட முடியாதுதான். ஆனால் அந்த நிலையிலேயே தூக்கம் பிடிக்கும்போது முன்ராத்திரி முழுக்கக் கசிவு அடங்கிப்போனது.

இது ஊகமில்லை, வரைபடத்தில் பார்த்தேன். இயந்திரத்தின் மெமரி கார்டைக் கணினியில் போட்டுப் பார்க்க ஆஸ்கர் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, மகள் இறக்கித் தந்தாள். ஒரு மணி வரை கசிவுக் கோடு தரையோடு தரையாக இருக்கும். மூன்று, நாலு மணிக்குத் திடீரென்று மேசை மாதிரி எழும்பி, பத்து நிமிடம் அப்படியே நின்று, சட்டென்று விழும். கனவுத் தூக்கம் பின்ராத்திரியில்தான் அதிகம். அப்போது உடம்பின் தசையெல்லாம் தளர்ந்துவிடும், தாடையும் விதிவிலக்கில்லை. அந்தப் படத்தை அச்செடுத்துக்கொண்டு தூக்க மருத்துவரிடம் போனேன். அவர் 6–15ஐ 8–12 ஆக மாற்றினார். மூச்சு வெளிவிடும்போது அழுத்தம் சற்றுக் குறைகிற வசதியை 2ல் வைத்தார். மல்லாந்து படுத்தால்தான் தாடை தொங்குகிறது, ஒருக்களித்துப் படுங்கள் என்றார். இப்போது கன்னத்துக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை, தாடைக்கு முட்டுக் கொடுத்த மாதிரி. அழுத்தத்தை நீங்களாகத் தொடாதீர்கள். நானும் ஒரு ராத்திரி தொட்டுப் பார்த்துத் திட்டு வாங்கியவள்தான்.

டேப்பைப் பற்றியும் மறக்காமல் கேட்டேன். மூக்கு நன்றாகத் திறந்திருந்தால், உதட்டின் நடுவில் மட்டும் செங்குத்தாக ஒரு துண்டு, ஓரங்கள் திறந்திருக்கும்படி ஒட்டலாம் என்றார். உங்களுக்குத் தேவையில்லை என்றும் சொன்னார். டப்பா பிரிக்காமல் கிடக்கிறது.

கசிவு இப்போது ஆறிலிருந்து பத்துக்குள். மூச்சடைப்பு மணிக்கு 3. தினமும் காலையில் மாஸ்க் மெத்தையைக் கொஞ்சம் சோப்பு நீரில் கழுவுகிறேன், முக எண்ணெய் படிந்தால் வழுக்கும். போன ஐப்பசி மழையில் ஜலதோஷம் பிடித்து, மூக்கு மொத்தமாக அடைத்து, கசிவு 31க்குப் போனது. பீரோவிலிருந்து முழு மாஸ்க்கை எடுத்து நாலு ராத்திரி போட்டேன். ஐந்தாம் நாள் மூக்கு திறந்ததும் அதைக் கழுவிக் காய வைத்துத் திரும்பப் பீரோவில் வைத்தேன். சின் ஸ்ட்ராப்பை மட்டும் காணவில்லை. அத்தையிடம் கேட்கவில்லை.