ஜீப் எஞ்சினும் ஆறு மரக் கிளிப்பும்

ஜூலை 5, 2025, சனி. அம்பாசமுத்திரம்

அப்பாவின் ஜீப்பில் ஒரு மாதமாக டாப்பெட் சத்தம். கேம் ஷாஃப்ட் சுற்றும்போது அதிலுள்ள மேடுகள் (மூக்கு என்போம்) டாப்பெட் என்ற சின்னத் தண்டுகளைத் தூக்கும், அவை வால்வுகளைத் திறக்கும். பழைய மஹிந்திரா சிஜே3பி, பெட்ரோல் வண்டி, வில்லிஸ் ஹரிகேன் எஞ்சின், 2199 சிசி. இன்டேக் (உள்ளே இழுக்கும்) வால்வு நாலும் மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வு நாலும் கீழே பிளாக்கில் இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் 18 தௌ, எக்ஸாஸ்ட் 16 தௌ இடைவெளி (தௌ என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வைத்து இரண்டு தடவை அட்ஜஸ்ட் செய்தும் சத்தம் போகவில்லை. இன்று பக்க மூடியைக் கழற்றி, ஏற்ற இறக்கத்தை அளக்கும் டயல் கேஜை வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றி ஒவ்வொரு டாப்பெட்டும் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தேன். மூன்றாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் மட்டும் மற்றதை விட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைவாக ஏறுகிறது. கேம் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது, சந்தேகமே இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

ரேடியேட்டர், முன் கிரில், ஃபேன், டைமிங் மூடி, ஹெட் எல்லாம் இறங்கின. எக்ஸாஸ்ட் வால்வுகளையும் ஸ்பிரிங்கோடு எடுத்துவிட்டேன். வால்வு மேலே உட்கார்ந்திருந்தால் டாப்பெட்டைத் தூக்க இடமே இருக்காது. ஆனிக் காற்று புழுதியை வாரி அடிக்கிறது, பழைய வேட்டியை நாலாக மடித்து பிளாக்கின் மேல் போட்டுக் கயிறு கட்டியிருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

நெல்லையப்பர் தேரோட்டம், விடுமுறை. வேலை எதுவும் ஓடவில்லை. கோவையிலிருந்து வர வேண்டிய கேமும் டாப்பெட்டும் நாளைக்குத்தான் வரும்.

ஜூலை 12, சனி

எனக்கு இத்தனை நாளாகப் பயம் காட்டிய வேலை இன்றுதான். இந்த டாப்பெட்டின் அடிப்பாகம் காளான் குடை மாதிரி அகலமானது. மேல் வழியாக வராது, கீழ் வழியாகத்தான் போடவும் எடுக்கவும் முடியும். கேம் உள்ளே இருக்கும்வரை அது கீழேயும் இறங்காது. ஆக, கேமை முன்பக்கமாக உருவும்போது எட்டு டாப்பெட்டும் மேலே தூக்கியபடியே நிற்க வேண்டும். ஒன்று சரிந்தாலும் கேமின் மூக்கு அதில் இடித்து நின்றுவிடும்.

அதற்கு வழி வில்லிஸ் மேனுவலிலேயே இருக்கிறது: துணி காயப்போடும் கிளிப். டாப்பெட்டை மேலே தூக்கி, பிளாக்குக்கு வெளியே தெரியும் தண்டில் கிளிப்பைக் கவ்வ வைத்தால் கிளிப் பிளாக்கின் மேல் உட்கார்ந்துகொள்ளும், டாப்பெட் தொங்கிக்கொண்டு நிற்கும். காந்தம் வைக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். இரும்புத் தூள் ஒட்டிக்கொள்ளும் பொருளை எஞ்சினுக்குள் விட எனக்கு மனமில்லை.

வீட்டுக் கொடியில் மரக் கிளிப் ஆறுதான் இருந்தது. மீதி இரண்டுக்குப் பிளாஸ்டிக் போட்டேன். தண்டில் இருந்த ஆயிலை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்த பிறகுதான் மரமே பிடித்தது. ஆயில் பம்ப், பெட்ரோல் பம்ப், ஆயில் பேன் மூன்றும் நேற்றே இறங்கியாகிவிட்டது. கேம் கியரில் இருக்கும் ஓட்டை வழியாக, கேமைப் பிடித்திருக்கும் தகட்டின் போல்ட்டைக் கழற்றி, கேமை நேராக, பேரிங்கில் உரசாமல் இழுத்தேன். வந்துவிட்டது. மூன்றாவது எக்ஸாஸ்ட் மூக்கு உருண்டையாகியிருக்கிறது, அதன் டாப்பெட்டின் அடி குழி விழுந்து கிடக்கிறது.

பழைய டாப்பெட்டுகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி எடுத்துவிட்டேன். புது கேமுக்குப் பழைய டாப்பெட் போடவே கூடாது. டாப்பெட்டின் அடி கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்திருக்கும், கேம் மூக்கும் லேசாகச் சாய்ந்திருக்கும், அதனால்தான் டாப்பெட் சுற்றிக்கொண்டே தேயாமல் ஓடுகிறது. தேய்ந்து தட்டையான டாப்பெட் சுற்றாது, புது கேமை அரைத்துவிடும். காசு மிச்சம் என்று இதைச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஜூலை 13, ஞாயிறு

புது டாப்பெட் எட்டையும் கீழே படுத்துக்கொண்டு மேலே ஏற்றி, கிளிப்பில் தொங்கவிட்டேன். முன்பு அப்பாவிடம் வேலை பார்த்த மெக்கானிக் அண்ணாச்சி கூட இருந்தார். கேம் முழுக்க மாலி பேஸ்ட் (உராய்வைக் குறைக்கும் மசகு) தடவி உள்ளே விடுகிறேன், முக்கால்வாசி போனதும் இடித்து நின்றது. கை தானாகச் சுத்தியலைத் தேடியது.

"ஏ தம்பி, தட்டிராத. வெளிய இழு. ஒண்ணு இறங்கிருக்கு, பாரு."

பிளாஸ்டிக் கிளிப் வழுக்கி, நாலாம் சிலிண்டர் டாப்பெட் கால்வாசி இறங்கியிருந்தது. தட்டியிருந்தால் அதன் விளிம்பும் கேம் மூக்கும் சேர்ந்து போயிருக்கும். கேமை வெளியே எடுத்து, அண்ணாச்சி கீழிருந்து விரலால் தள்ள, நான் தண்டில் சணல் நூலைச் சுற்றி மேலே ஒரு போல்ட்டில் இழுத்துக் கட்டினேன். இன்னொரு பிளாஸ்டிக் கிளிப்பையும் எடுத்துவிட்டு அதையும் நூலால் கட்டினோம். மறுபடி விட்டபோது கேம் வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

கியரில் உள்ள டைமிங் குறிகளை நேருக்கு நேர் வைத்து, தகட்டை முறுக்கிய பிறகுதான் கிளிப்பில் கை வைத்தேன். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க டாப்பெட் கேமின் மேல் 'டிக்' என்று உட்கார்ந்தது. எட்டு டிக். எடுத்த கிளிப்பையும் நூலையும் தட்டில் வைத்து எண்ணினேன், ஆறும் இரண்டும். எண்ணாமல் மூடியைப் போட்டிருக்க மாட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

வாரம் முழுக்க சாயங்காலம் சாயங்காலமாக மாட்டி முடித்து இன்று காலை ஸ்டார்ட் செய்தோம். ஐட்லிங்கில் விடவில்லை, உடனே 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, கொஞ்சம் கூட்டிக் குறைத்து 20 நிமிடம் ஓட விட்டேன். கேம் மேல் ஆயில் தெறித்துத்தான் விழுகிறது, வேகம் குறைந்தால் அதுவும் விழாது, புது மூக்கு முதல் சில நிமிடத்திலேயே போய்விடும். அப்புறம் ஆற விட்டு, ஆயில் மாற்றி, 18, 16 தௌ மறுபடி பார்த்தேன்.

மத்தியானம் அண்ணாச்சியை முன்சீட்டில் உட்கார வைத்துப் பாபநாசம் வரை போனேன். சாரல் இருந்தது. ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறியது. அண்ணாச்சி வழி முழுக்க பேசவில்லை, பானெட் பக்கம் காதைச் சாய்த்தே வந்தார். திரும்பி வந்து இறங்கும்போதுதான் சொன்னார்: "சத்தம் இல்ல தம்பி."